களைக்கு யார் பெயர்?

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கத்தான் ஆயிரம் யோசனை. களைக்குப் பெயர் வைக்க ஒரு யோசனையும் கிடையாது. யார் கொண்டுவந்தாரோ அவர் பெயரை அதன் தலையில் கட்டிவிடுவார்கள். பிறகு அந்த ஆள் செத்தாலும் பெயர் சாகாது, மழைக்கு மழை துளிர்க்கும்.

என் பெயர் ரிஸ்பர் ரண்டிகி. ரண்டிகி என்பது என் அப்பா. ஏரிக்குத் தெற்கே மூன்று மலைச்சரிவுகளில் 'ரண்டிகி' என்றால் ஒரு முட்செடி. ஆட்டு வாலில் ஒட்டும், பாவாடையில் ஒட்டும், சோளக்கொல்லைக்குள் அது புகுந்தால் சோளம் வெளியேற வேண்டியதுதான். அப்பா அந்தக் காலத்தில் விவசாய அலுவலர். வேலிக்கு ஆகும் என்று அவர்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்தார் என்பது ஊர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "ரண்டிகி" என்று வருகை எடுத்தால் மொத்த வகுப்பும் காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளும். என் தம்பி பெயரை மாற்றிக்கொண்டு நைரோபிக்கே போய்விட்டான். எனக்கு அந்த ரோஷம் போதவில்லை, அல்லது கூடிப்போயிற்று. பெயரையும் வைத்துக்கொண்டேன், தாவரவியலும் படித்தேன். கடைசியில், புதிதாக வரும் அழகுச் செடிகளை ஊருக்குள் விடலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் வேலைக்கே வந்து சேர்ந்தேன்.

இன்னொரு களைக்கு எங்கள் குடும்பப் பெயர் வரக்கூடாது. நான் இந்த வேலையில் சேர்ந்த காரணம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் நேர்முகத் தேர்வில் சொன்னது.

வேலை என்பது நாற்பத்தொன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம். வெட்டினால் துளிர்க்குமா, ஆடுமாடு தின்னுமா, பறவை விதையைச் சுமக்குமா என்று போகும். பள்ளிக்கூடப் பரீட்சையில் மார்க் கூடினால் பாஸ். இங்கே மார்க் கூடினால் ஃபெயில். ஆறைத் தாண்டிய செடிக்கு ஊருக்குள் இடமில்லை. போதுமான பதில் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாள் கெடு. அதற்குள் செடிக்கு எதிராக ஆதாரம் எதுவும் சிக்காவிட்டால் அனுமதி கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்னுடையது.

எலியாகிம் ஒபுரா ஒருநாள் காலையில் 'போடா போடா' என்கிற வாடகை மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில், மடியில் பூந்தொட்டியோடு வந்து இறங்கினார். ஏரிச் சாலையில் நர்சரி வைத்திருப்பவர். காலில் ஒரு குறையும் கிடையாது, ஆனாலும் கைத்தடி உண்டு. அகலத் தொப்பியைக் கழற்றித் தொட்டிக்கு நிழல் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"மேடம், பாருங்க. இப்படி ஒரு அழகி நம்ம ஏரிப் பக்கம் இதுவரைக்கும் வந்ததில்ல."

ஊதாவும் ஆரஞ்சுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்த கொடி. அழகிதான், பொய் சொல்லக்கூடாது.

"எந்த ஊரு?"

"தென் அமெரிக்கா. சோதனைக்கு நூறு தொட்டி வளர்க்கப் போன வருஷமே உங்க ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டேன். இனி விக்கத்தான் அனுமதி வேணும்."

"பேரு?"

"லத்தீன்ல ஒண்ணு இருக்கு, சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். நான் 'ஒபுராவின் மகுடம்'னு வச்சிருக்கேன்."

"உங்க பேரையேவா?"

"பின்ன உங்க பேரையா வைக்க முடியும்?" என்று சிரித்தார். "நான் போன பிறகும் வேலிக்கு வேலி என் பேரு பூக்கணும் மேடம். வேற ஒரு ஆசையும் இல்ல."

இந்த மனிதர் ஆசைப்படுகிற சாமான் எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறது.

படிவத்தைக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பெயர், முகவரி இரண்டுக்கும் அழகான கையெழுத்தில் பதில். மற்ற எல்லாவற்றுக்கும் "தெரியாது". அவருடைய அண்ணன் மகன் கிசுமுவில் வக்கீல், அவன் சொல்லிக்கொடுத்த பாடம். புத்தகங்களைப் புரட்டினேன், வெளிநாட்டு ஆட்களுக்கு எழுதிக் கேட்டேன். இந்தச் செடி இதற்கு முன் எந்த ஊர்த் தோட்டத்துக்கும் போனதில்லை. அதைப்பற்றி நல்லது சொல்லவும் ஆளில்லை, கெட்டது சொல்லவும் ஆளில்லை.

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அலுவலகத்து வெள்ளை பிக்கப்பில் நர்சரிக்குப் போனேன். நாடாவைப் பிடித்து அளந்தேன், இலையைத் தடவினேன், எழுதிக்கொண்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த பெண்ணைப்போல ஒவ்வொரு தொட்டியிலும் அது அடக்க ஒடுக்கமாக இருந்தது. போன வாரம் இரண்டு முழம், இந்த வாரமும் இரண்டு முழம். திங்கள் சாயங்காலமே ஒபுரா கத்தரிக்கோலோடு சுற்றி வந்து எல்லாவற்றையும் சீவிச் சிங்காரித்து வைத்துவிடுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தின் பின்பக்கம் ஆளுயரத் தகர வேலி. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. படித்த படிப்புக்கு அது பெரிய வெட்கம், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மேலதிகாரி ஹெஸ்ரோன் ஒலாங் கெடு நெருங்க நெருங்க என் மேஜைக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார்.

"ரிஸ்பர், ரவுண்டானாவுக்குப் பூ வேணும்னு மேலிடத்துல கேக்குறாங்க. அந்தக் கொடிமேல ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"சந்தேகம் இருக்கு சார்."

"சந்தேகத்தை எப்படிம்மா ஃபைல்ல கோக்குறது? ஓட்டை போட இடமே இல்லையே."

நான் ஜன்னலைக் காட்டினேன். ஏரியில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை. நடுவில் சிக்கிய ஒரு படகைத் தள்ள முடியாமல் இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதுவும் அழகுக்குத் தொட்டியில வச்சதுதான் சார்."

"அதுக்கு யாரு கையெழுத்துப் போட்டா?"

"யாரும் போடல."

"பாத்தியா? கையெழுத்து இல்லாமலும் வந்துடுது. அப்புறம் நீ எதுக்கு இப்படிப் பயப்படுற? அடுத்த வெள்ளிக்கிழமை போட்டுக் குடுத்துடு."

அவருக்கு என்ன, ஒலாங் என்ற பெயரில் இதுவரை ஒரு புல்கூட முளைத்ததில்லை. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. இது பரவினால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் மொழியில் 'நியார்' என்றால் மகள். ரண்டிகி ஏற்கெனவே இருக்கிறது, இது நியார் ரண்டிகி. அப்பனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அதே சமயம், என் பயத்துக்காக ஒரு மனிதரின் செடியை ஆதாரமே இல்லாமல் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், ஆரம்பப் பள்ளியின் கூரைக்காகச் சர்ச் மைதானத்தில், பாதிரியார் தலைமையில் ஹராம்பே நடந்தது. ஊரே திரண்டு கைகொடுக்கிற விழா. பந்தல், பெங்கா பாட்டுக் கச்சேரி, பொரித்த மீன், உகாலி என்கிற சோளக்களி. நான் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

எங்கள் கச்சேரிகளில் பக்ருவோக் என்று ஒன்று உண்டு. பாட்டு நடக்கும்போதே யாராவது எழுந்து போய்க் கிட்டாரை நிறுத்துவார், மைக்கைப் பிடித்துத் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வார். அடக்கமாகப் பேசுகிறவனுக்கு அங்கே மைக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு முதல் ஆளாக எழுந்தது ஒபுராவின் தொப்பி.

"நிறுத்துங்கப்பா கிட்டாரை! இங்க நிக்கிறது யாரு? மகுடத்தைப் பெத்த அப்பன்! என் பொண்ணு எப்பேர்ப்பட்டவ தெரியுமா?"

"சொல்லு, சொல்லு!" என்றது கூட்டம்.

"ஆடு அவளைப் பார்த்தா தூரத்துலயே கும்பிட்டுட்டுப் போகும், கிட்ட வந்து வாய் வைக்காது!"

என் கை உகாலி உருண்டையோடு அப்படியே நின்றது. ஆடுமாடு தின்னாதது: ஒரு மார்க். பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. மீன் பொதிந்து வந்த தாளை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை வெட்டு, வியாழக்கிழமை வாசல்ல நின்னு 'சாப்பிட்டியா'ன்னு கேப்பா! மழை இல்லைன்னாலும் சிரிப்பா, வெள்ளத்துல முக்கினாலும் சிரிப்பா!"

"அப்படிப் போடு!"

"மாமரத்து மேல ஏத்திவிட்டேன். இப்ப மாமரம் எங்கன்னு மாமரத்துக்கே தெரியாது!"

நான் எழுத எழுத அவர் வளர்ந்துகொண்டே போனார். மாப்பிள்ளையே வேண்டாமாம், ஒற்றைச் செடியாக நின்றாலும் காய்க்குமாம். கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்றுவிட்டு மூன்று ஊர் தாண்டிப்போய் விதையை இறக்கி, சம்பளமில்லாமல் அவருக்கு வேலை பார்க்கின்றனவாம். ஒரு துண்டை ஒடித்து எங்கே வீசினாலும் அங்கே வேர் விடுமாம். கூட்டம் விசிலடித்தது. நானும் அடித்தேன், என்னை மறந்து. கிட்டார் மறுபடி தொடங்கியபோது மீன் எண்ணெய் ஊறிய தாளில் கூட்டிப் பார்த்தேன். பதினேழு.

திங்கட்கிழமை அவரை அலுவலகத்துக்கு வரவழைத்து, ஒலாங் முன்னிலையில் தாளைப் படித்துக் காட்டினேன். அறை முழுக்க மீன் வாசம். ஒபுராவின் முகம் தொங்கிப்போனது.

"மேடம், அது பக்ருவோக்! பாட்டுக்கு நடுவுல பேசினது. அதைப்போய் சாட்சிக்குக் கூப்பிடலாமா? அந்தக் கணக்குல பார்த்தா இந்த ஜில்லாவுல ஏழைன்னு ஒருத்தன்கூட இருக்க மாட்டானே!"

ஒலாங் தலையாட்டினார். "அவர் சொல்றதும் நியாயம்தான் ரிஸ்பர்."

"சரி ஜாதுவோங்," என்றேன். பெரியவரே என்று அர்த்தம், வேண்டுமென்றேதான் அப்படிக் கூப்பிட்டேன். "அப்ப நீங்க சொன்னது பொய். ஆடு தின்னுடும். வெட்டினா செத்துடும். மாமரமும் நல்லா இருக்கு. ஊரைக் கூட்டி வச்சுக்கிட்டு, பாதிரியார் முன்னால, ஒரு சாதாரணக் கொடியைப் பத்திப் பொய் சொல்லியிருக்கீங்க. அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நானும் அனுமதியில கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். வக்கீல் சொன்னது ஒரு காதிலும், கூட்டத்தின் விசில் இன்னொரு காதிலும் கேட்டிருக்க வேண்டும்.

"சாதாரணக் கொடியா?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

"யாரைப் பார்த்துச் சாதாரணக் கொடிங்கறீங்க? நான் சொன்னதுல பாதிகூட இல்ல, மைக்கைப் பிடுங்கிட்டானுங்க! ஒரு வார்த்தை பொய் கிடையாது!"

"அப்ப இங்க போடுங்க கையெழுத்து."

வாக்குமூலத்தில் ஒபுரா போட்ட கையெழுத்து அரைப் பக்கத்துக்கு வந்தது. போட்டு முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. நாற்காலியில் சரிந்தார். "நூறு தொட்டி மேடம்," என்றார் மெதுவாக. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். ரண்டிகி குடும்பம் தப்பித்தது என்று நினைத்தேன்.

செடிகளைப் பிடுங்கி எரிக்கும் நாளில் பிக்கப் பழுது. கம்பூட்ஸ், தலையில் துணி, தோளில் மண்வெட்டியோடு நடந்தே போனேன். நர்சரிக்குள் வேலை நடந்துகொண்டிருக்க, தகர வேலிக்குப் பின்னாலிருந்து வெட்டுகிற சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

அது அந்த ஆரம்பப் பள்ளியின் சமையலறைக் கொல்லை. கழிப்பறைக் கூரை தெரியவில்லை. அவரைப் பந்தல் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் ஊதாவும் ஆரஞ்சும். திங்கட்கிழமைதோறும் ஒபுரா கத்தரித்ததையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் வீசியிருக்கிறார். ஒரு துண்டுகூட வீணாகவில்லை. பெண்டர் என்ற பள்ளிச் சமையல்காரப் பெண்மணி அக்கினி மழை பொழிகிற முகத்தோடு கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"மூணு மாசமா உயிரை வாங்குது. நீ புதுசா வந்த கூலியாளா? வா, அந்தப் பக்கம் பிடி."

பிடித்தேன். தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டேன். "இதுக்குப் பேரு என்ன?"

"நியார் ரண்டிகி."

மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொள்ளாமல் தப்பித்தேன். "யாரு வச்சா அந்தப் பேரை?"

"யாரு வைக்கணும்? செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு வெள்ளை வண்டி வரும். ஒருத்தி இறங்குவா. கேட்டு வழியா நாங்கதான் பார்ப்போமே, தொட்டுத் தடவி, நாடா வச்சு அளந்து, எழுதிக்கிட்டுப் போவா. அவ வந்துட்டுப் போனா அடுத்த வாரம் இங்க ஒரு முழம் ஏறியிருக்கும். டிரைவரைக் கேட்டேன், ரண்டிகி பொண்ணுன்னான். அதானே பார்த்தேன்! அப்பன் ஒண்ணு கொண்டாந்தான், மக சும்மா இருப்பாளா?"

அதற்குள் ஒபுரா வேலியைச் சுற்றி வந்துவிட்டார். "மேடம் ரண்டிகி, இங்கயா இருக்கீங்க?" என்றார். பெண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். நடந்ததைச் சொன்னேன். இதை அனுமதிக்காமல் தடுத்தவளே நான்தான் என்றேன். என்னைவிட ஒபுராவுக்குத்தான் கோபம் அதிகம்.

"என்ன அநியாயம் இது? கொண்டுவந்தவன் நான்! தண்ணி ஊத்தினவன் நான்! பேரு மட்டும் இவங்களுக்கா? என் பேரைச் சொல்லுங்க!"

"உன் பேரா?" என்றார் பெண்டர். "நீ பூ விக்கிறவன். களை கவர்மென்ட்ல இருந்துதான் வரும்."

திரும்பி வரும் வழியில் ஒபுரா என் காதருகே ஒரு யோசனை சொன்னார். கொல்லையைச் சுத்தம் செய்ய வேண்டியது எப்படியும் அவர் பொறுப்பு. "நீங்க வீட்டுல இருங்க மேடம். சனிக்கிழமை சனிக்கிழமை நான் தனியா வந்து தோண்டறேன். இவங்க கண்ணுல நான்தான் படுவேன், நீங்க பட மாட்டீங்க. பத்து வாரத்துல பேரு எனக்கு மாறிடும்." அவர் கண்ணில் தந்திரம் இல்லை, ஆசைதான் இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டேன்.

மூன்று சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். யோசனை வேலையும் செய்தது. சந்தையில் மீன்காரி ஒருத்தி "ஒபுரா செடி" என்று யாரிடமோ சொன்னதை என் காதால் கேட்டேன். அவளிடம் ஒரு மீன் அதிகமாக வாங்கினேன்.

நாலாவது வாரம் மனம் கேட்காமல் போய்ப் பார்த்தேன். மேலே அழகாகக் கத்தரித்திருந்தது. தோண்டிய தடம் எங்கேயும் இல்லை. ஒரு கொடியின் அடியைக் கிளறினேன், சர்க்கரைவள்ளி மாதிரி கிழங்கு, என் முழங்கை நீளத்துக்கு. கழிப்பறைப் பக்கம் ஒரு புதரை அவர் தொடவே இல்லை. கேட்டால், "அது பூத்திருந்துச்சு மேடம், எப்படி வெட்ட?" என்றார். அந்த மனிதரை என்ன செய்ய? பெற்றவனிடம் கொல்லச் சொன்ன மடமை என்னுடையது.

பெயர் போக வேண்டுமென்றால் நான் வீட்டில் இருக்க வேண்டும். செடி போக வேண்டுமென்றால் நான் வர வேண்டும். வாய்க்கால் நேராக ஏரிக்குப் போகிறது, நடுவில் இருபது வீட்டுக் கொல்லைகள் இருக்கின்றன. மண்வெட்டியை எடுத்தேன்.

பாதிக் கிழங்கைத் தோண்டியபோது அப்பா ஞாபகம் வந்தது. வியாழக்கிழமைதோறும் சைக்கிளின் பின்னால் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தச் சரிவுகளுக்குப் போவார். பதினொரு வருஷம் போனார். கொண்டுவந்த செடி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறார் என்றது ஊர். நாங்களும் அதைத்தான் நம்பினோம். பார்க்கப் போகிறவருக்கு மண்வெட்டி எதற்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் நம்பியிருப்போமா என்று தெரியவில்லை. அந்தக் கொல்லையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, வியர்வையோடு போய்விட்டது.

சமையலறை வாசலிலிருந்து பெண்டர் கூவினார். "நியார் ரண்டிகி இங்கதான் இருக்கு! பிள்ளைங்களா, தள்ளி நில்லுங்க!"

செடியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கிழங்கின் நுனி இன்னும் ஒரு சாண் ஆழத்தில் இருந்தது.